காற்று வராத பள்ளத்திலிருந்து

வேலையை விட்டு மேசையைக் காலி செய்து கொடுத்த அன்று, இழுப்பறையின் அடித்தட்டில் ஒரு நீலத் தாள் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. நகத்தால் மெல்லக் கிளப்பினேன். விமானத் தபாலுக்கென்றே செய்த, வெங்காயத் தோல் போன்ற தாள். அதில் வட்ட வட்டமான ஆங்கிலக் கையெழுத்து. கையெழுத்தின் குறுக்கே, ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை, பென்சிலால் இழுத்த ஒரு கோடு. கடிதம் மேற்குக் கென்யாவிலிருந்து வந்தது. கோடு என்னுடையது.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அந்தக் கோட்டைத்தான் விட்டுப்போகிறேன். படிவம் நிரப்புவதை யாரும் சொல்லித் தருவார்கள். உங்களிடம் ஃபக்ஸ் மெஷின் இருக்கிறது. காலையில் கேட்டால் மத்தியானம் பதில் வந்து விழுகிறது. சிட்னியின் செவன் ஹில்ஸில் கார் நிறுத்தும் கொட்டகைக்குள் நிவாரணப் பெட்டி கட்டுகிறவர்களும், இங்கே மெல்பேணின் கிளேட்டனில் படித்துக்கொண்டே தொண்டு நிறுவனங்களில் பகுதிநேர வேலைக்குப் போகிறவர்களும் என்னிடம் வந்து, "அன்ரி, ஒரு நல்ல புரஜெக்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. ஒரு நல்ல கிணற்றை ஏறக்குறைய மூடப் பார்த்தது எப்படி என்றுதான் தெரியும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கணவர் கிளேட்டனிலுள்ள பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். நான் தட்டச்சு தெரிந்த யாழ்ப்பாணத்துப் பெண். கையில் ஒரு சேர்ட்டிஃபிக்கட், தோளில் மெல்பேண் குளிருக்குப் போதாத ஒரு ஸ்வெட்டர். வேலை கிடைத்த இடம் நகரத்தில், ட்ராம் போகும் தெருவொன்றில், சப்பாத்துக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். தேவாலயங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் சேர்கிற நன்கொடையை ஆபிரிக்கக் கிராமங்களின் சிறிய சங்கங்களுக்கு அனுப்பி வைக்கும் அறக்கட்டளை அது. பெயர் பலகையில் பெரிதாக இருந்தது. ஊழியர்கள் இரண்டே பேர்: நோராவும் நானும்.

நோரா முன்பு நாட்டுப்புறப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். அதைத் தேடிக்கொண்டு அறை முழுவதும் திரிவார். அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற அலுவலகங்களில் பணம் வாங்கும் சங்கங்களை 'உதவி பெறுவோர்' என்று எழுதுவது வழக்கம். நோரா அதை வெட்டிவிட்டு 'பங்காளிகள்' என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொல்லைப் போட வைத்தார். நான் சிரித்துவிட்டேன்.

"என்ன சிரிப்பு?"

"எங்கட ஊரில பங்காளி எண்டால் வேலிக்கு வழக்குப் போடுற சொந்தக்காரன், நோரா."

"நல்லது," என்றார் அவர். "வழக்குப் போடட்டும். நன்றிக் கடிதம் வாசிச்சு எனக்கு அலுத்துப்போச்சு."

நோரா யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறாரே என்று நீங்கள் சிரிக்க வேண்டாம். அவர் பேசியது நல்ல விக்டோரியா நாட்டுப்புற ஆங்கிலம். எனக்குள் விழும்போது அது இப்படித்தான் விழுந்தது. இத்தனை வருடம் கழித்து வேறு மாதிரி எடுக்க வரவில்லை.

என் வேலை, வருகிற கடிதங்களைச் சுருக்கித் தட்டச்சு செய்வது. மாதத்தின் முதல் வியாழக்கிழமை கமிட்டி கூடும். ஏழு பேர், எல்லோருக்கும் ட்ராமைப் பிடிக்க வேண்டிய அவசரம். ஆபிரிக்கக் கடிதங்களோ அவசரம் தெரியாதவை. முதல் பக்கம் முழுவதும் வணக்கமாக இருக்கும். நீங்கள் சுகமா, உங்கள் வீட்டார் சுகமா, உங்கள் மாடுகள் சுகமா, எங்கள் ஊரில் இந்தப் பூ பூத்திருக்கிறது, இன்ன மரத்தின் கீழே இருந்து எழுதுகிறோம். கேட்க வேண்டியது இரண்டாம் பக்கத்தின் பாதியில்தான் தலைகாட்டும். முதல் பக்கத்தைக் கோடு போட்டு விட்டுவிடலாம் என்று நானே முடிவு செய்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கும் கடிதங்களை வாசித்து வளர்ந்தவள் நான். அந்த வரியை யார்தான் வாசிப்பார்கள் என்ற மெத்தனம். சொந்தப் பழக்கத்தின் மேல் உள்ள மெத்தனம் அன்னியருக்கு வராது. அது எங்களுக்கே உரிய பிழை.

அந்த நீலத் தாள் வந்த மேற்குக் கென்யாவின் தாய்மார் சங்கத்தில் எல்லாக் கடிதங்களையும் எழுதியவர் ஒரே ஆள். கீழே 'தாய்மாருக்காக, செயலாளர்' என்று மட்டும் இருக்கும். பெயர் இருக்காது. நான் இந்தத் தொழிலில் கற்றதில் பாதியை அவரிடம்தான் கற்றேன். அவரை ஒருநாளும் கண்டதில்லை. அவருடைய வட்ட எழுத்தை மட்டும் ஆயிரம் எழுத்துக்குள் வைத்தாலும் அடையாளம் காண்பேன்.

மே மாதத்தில் அவர் கேட்டது சீமெந்து. அவர்களுடைய கிணறு கையால் தோண்டியது, கட்டில்லாதது. அந்த வருடப் பெருமழையில் ஒரு பக்கத்து மண் சரிந்துவிட்டது. ஒக்டோபரில் அடுத்த மழை வரும். அதற்கு முன் உட்சுவர் கட்டாவிட்டால் கிணறு போய்விடும். பிறகு தண்ணீருக்கு ஆற்றுக்குத்தான் நடக்க வேண்டும். காலையில் போனால் திரும்பிவர மத்தியானம். சீமெந்தை அங்கேயே வாங்கலாம், பணத்தை அனுப்பினால் போதும், கட்டுகிறவர்கள் நாங்களே. இவ்வளவுதான் கேள்வி. நான் நாலு வரியில் சுருக்கினேன். முதல் பக்கத்தில் கோடு.

ஜூனில் பேர்சி வந்தார்.

மெல்பேணுக்கு மேற்கே வெரிபீயில் இன்று வீட்டின் மேல் வீடு ஏறுகிறது. அப்போது அது கோவா வயல், வரிசை வரிசையாய் முட்டைக்கோஸ். அதற்கு அப்பால் ஆடுகள், அதற்கும் அப்பால் வெறும் வானம். அந்த வானத்தின் கீழே பேர்சியின் பண்ணை. அவருடைய தகப்பன் காலத்து இரும்புக் காற்றாலை ஒன்று அங்கே நின்றது. காற்றில் சக்கரம் சுழன்று நிலத்தடித் தண்ணீரை மேலே இழுக்கும் வகை. மின்சாரப் பம்பு வந்த பிறகு அதற்கு வேலை இல்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் கதிரையின் நுனியில் இருந்தபடி பேர்சி சொன்னார்:

"அது சும்மா நிண்டு கத்திக்கொண்டிருக்குது. வேலை இல்லாத கிழவன் மாதிரி. தண்ணி இல்லாத சனத்துக்கு அனுப்பினால் என்ன?"

கமிட்டிக்குப் புல்லரித்துவிட்டது. எனக்கும்தான். தாய்மாருக்கு எழுதிக் கேட்பது என்று முடிவாயிற்று. காற்றாலையின் படத்தையும் வைத்து அனுப்பினோம். ஒரு விஷயத்தை இங்கே தெளிவாகச் சொல்கிறேன்: அந்தக் கிராமத்துக்கு அந்த வருடம் எங்களால் முடிந்தது ஒன்றுதான். காற்றாலைக்குக் கப்பற்கூலி கொடுத்தால் சீமெந்து அடுத்த வருடம்.

ஜூலைக் கூட்டத்துக்குச் சற்று முன்னால் பதில் வந்தது. பேர்சி அன்று கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். பட்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. யாரோ வீட்டில் கட்டிவிட்டு, அவர் வழி நெடுக அதைத் தொட்டுத் தொட்டு வந்திருக்க வேண்டும். நோரா கடிதத்தைப் பிரிக்காமலே என்னிடம் தந்து, "வாசி, பிள்ளை," என்றார்.

படம் மிக அழகானது என்று எழுதியிருந்தது. அனுப்ப நினைத்தவரின் பெருந்தன்மையைத் தாய்மார் கூடிப் பேசினார்கள் என்று எழுதியிருந்தது. பிறகு: 'தாய்மார் சுவாஹிலியில் சொன்னது, துத்தாவோனா. ஆங்கிலத்தில், நாங்கள் பார்ப்போம்.'

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கல்யாணம் பேசி வந்தவர்களுக்கு என் தகப்பனார் சொன்ன சொல் அது. கடன் கேட்டு வந்தவருக்கு, காணி வாங்கக் கேட்டவருக்கு, வாசல்வரை வழியனுப்பிவிட்டுச் சொல்லும் சொல். பாப்பம். அந்த ஒரு சொல்லில் எத்தனை பேர் வீடு திரும்பியிருக்கிறார்கள், ஒருவர் முகமும் வாடாமல். பாப்பம் என்றால் இல்லை. இந்துசமுத்திரத்தின் இந்தக் கரையிலும் இல்லை, அந்தக் கரையிலும் இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். பேர்சி சாய்ந்த பட்டியோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாசித்தேன்: "தாய்மார் சொல்லுகினம், நாங்கள் அதைப் பார்ப்போம்."

'அதை.' ஒரேயொரு சொல். ஆங்கிலத்தில் இன்னும் சின்னது, இரண்டே எழுத்து. அந்த இரண்டெழுத்தைச் சேர்த்ததும், வாசலை மெல்லச் சாத்துகிற வாக்கியம் வாசலைத் திறந்து கையை நீட்டிக்கொண்டு ஓடியது. கமிட்டி கை தட்டியது. பேர்சி தொப்பியை ஒரு முறை முழுதாகச் சுற்றினார்.

ஏன் சேர்த்தேன்? பயத்தால் அல்ல. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல எனக்குப் பழக்கமில்லை. அந்தத் தாய்மார் எனக்குத் தந்த 'பாப்ப'த்தை நான் இன்னொரு சுற்றுத் துணியால் சுற்றி பேர்சியிடம் கொடுத்தேன். அவ்வளவு மரியாதையில் கடைசியில் உள்ளே இருந்தது என்ன என்று ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று.

அந்தக் குளிர்காலம் முழுவதும் பேர்சியின் தேவாலயத்துச் சனம் சனிக்கிழமைகளில் கூடிக் காற்றாலையைக் கழற்றித் துரு சுரண்டி வர்ணம் பூசியது. செப்டெம்பர் கடைசியில் கப்பல். வாரத்துக்கு ஒருமுறை பேர்சி தொலைபேசியில் வருவார்: "வாலுக்குச் சிவப்பு அடிச்சிருக்கிறம், பிள்ளை. அவைக்குச் சிவப்புப் பிடிக்குமோ?" நான், "பிடிக்கும், பேர்சி," என்பேன். ஒவ்வொரு முறையும் மழை ஒரு கிழமை கிட்ட வந்தது.

செப்டெம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் குசினியில். கணவரின் பல்கலைக்கழக நண்பர் டானியல், ஈப்போவில் இருந்து வந்த மலேசியத் தமிழர், தொலைபேசியில் கூப்பிட்டார். விடுமுறைக்கு எல்லோருமாகக் கூடாரம் கட்டிக் கடற்கரையில் தங்குவோமா என்று கேட்கிறார் போலும். கணவர் சொன்னார், "நல்ல யோசனை, டானியல். பாப்பம்." தொலைபேசியை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"போறேல்லை," என்றார். "கூடாரத்துக்குள்ள ஆர் படுக்கிறது?"

"அப்ப அவருக்கு இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னனானே."

"எப்ப சொன்னனீங்கள்?"

"பாப்பம் எண்டு சொன்னனான். உமக்குக் காது கேக்கேல்லையோ?"

"அவருக்கு விளங்கியிருக்குமோ?"

"ஏன் விளங்காது? அவரும் தமிழன்தானே." பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீர் ஏன் இப்ப அழுகிறீர்?" என்றார்.

வெங்காயம் என்றேன். அவர் பலகையைப் பார்த்தார். அதில் கத்தரிக்காய் கிடந்தது.

மறுநாள் நோராவுக்கு முன்னால் அலுவலகத்துக்குப் போனேன். இழுப்பறையைத் திறந்து மே மாதத்துக் கடிதத்தை எடுத்தேன். நான்கு வரிச் சுருக்கத்தை அல்ல, தாளை. என் பென்சில் கோட்டுக்குக் கீழே இருந்ததை முதல் தடவையாக வாசித்தேன்.

'காற்று வராத பள்ளத்திலிருந்து, எங்கள் கிணற்றடியிலிருந்து, உங்களுக்கு வணக்கம். மேட்டில் காற்று இருக்கிறது, ஆனால் மேடு ஊர்த் தலைவருடையது. பள்ளம் எல்லோருக்கும் உரியது. இங்கே காற்று இல்லாததால் நாங்கள் பேசுவது பறந்து போகாமல் எங்களோடேயே இருக்கிறது. ஆகவே உங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.'

கதிரையில் இருந்துவிட்டேன். கீழே ட்ராம் மணி அடித்துக்கொண்டு போயிற்று. காற்றாலைக்குக் காற்று வேண்டும். காற்று மேட்டில். மேடு ஒருவருடையது. பள்ளத்தில் இருந்த தண்ணீரை நாங்கள் இரும்பும் சிவப்பு வர்ணமும் கொண்டு மேட்டுக்கு ஏற்றி ஒருவருடைய வேலிக்குள் விடப் போனோம். இது மே மாதமே எங்களிடம் சொல்லப்பட்டிருந்தது. வணக்கத்தோடு வணக்கமாக. நான் கோடு போட்டேன்.

நோரா வந்தார். பென்சிலைத் தேடத் தொடங்குமுன் சொல்லிவிட்டேன். துத்தாவோனாவையும், நான் சேர்த்த 'அதை' என்ற சொல்லையும் சொன்னேன்.

அவர் மேலங்கியைக் கழற்றவில்லை. "அப்ப நீ வாசிச்சது பொய்?"

"பாதி."

"எந்தப் பாதி?"

"நான் சேர்த்த பாதி."

நோரா யன்னலுக்குப் போனார். கோபம் வந்தால் அவருடைய கழுத்து சிவக்கும்; அன்று காது வரைக்கும் சிவந்தது. "வேலையை விட்டுப்போ எண்டு சொல்லவேணும் உன்னை," என்றார் யன்னலைப் பார்த்தபடி. "ஆனால் பிறகு இந்தத் துத்தா... என்னது அது? அதை எனக்கு ஆர் வாசிச்சுச் சொல்லுறது? தந்திப் படிவத்தை எடு."

கடிதம் போய்த் திரும்ப நாலைந்து வாரம். கப்பலுக்கு மூன்று வாரம். தந்திதான் வழி. நோரா சொன்னதை எழுதினேன்: 'காற்றாலை வேண்டுமா. ஆம் அல்லது இல்லை எனப் பதில் தருக.'

எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். "இதுக்கு ஓம் எண்டுதான் வரும், நோரா."

"அவைக்குத்தான் வேண்டாமே!"

"வேண்டாம். எண்டாலும் ஓம் எண்டுதான் வரும். குடுக்கிறவர் நேரே கேட்டால் இல்லையெண்டு என்னெண்டு சொல்லுறது?"

"அப்ப உங்கட ஊரில ஒருத்தரிட்டை உண்மையை என்னெண்டுதான் கேக்கிறது?"

யோசித்தேன். வீட்டுக்கு ஒருவர் வருகிறார். சாப்பிடுறியளோ என்று கேட்டால், பசியில் காது அடைத்திருந்தாலும், வேண்டாம் இப்பதான் சாப்பிட்டனான் என்பார். அதனால் அப்படிக் கேட்க மாட்டோம். புட்டோ, இடியப்பமோ என்று கேட்போம். அப்போது மட்டுந்தான் மனிதர் தன் வயிற்றிலிருந்து பேசுவார்.

"புட்டோ இடியப்பமோ எண்டு கேக்கவேணும்," என்றேன்.

"புட்டு எண்டால் என்ன?"

"அது பிறகு. சீமெந்தோ காற்றாலையோ, முதலில் எது எண்டு கேப்பம். ரெண்டையும் குடுக்க நினைச்சிருக்கிறம் எண்ட மாதிரி இருக்கும். ஒண்டையும் மறுக்கத் தேவையில்லை. முன்னுக்குப் பின்னுக்கு வைச்சால் போதும்."

நோரா படிவத்தை வாங்கி, எழுதியிருந்ததைத் தானே வெட்டிவிட்டு எழுதினார்: 'ஒன்று மட்டும் முதலில் வரலாம். சீமெந்தா காற்றாலையா.' தபாற்கந்தோர்ப் பெண் சொற்களை எண்ணிவிட்டு, விசித்திரமான வியாபாரம் என்ற மாதிரி எங்களைப் பார்த்தாள்.

ஒன்பது நாள். கிராமத்துக்குக் கிட்ட உள்ள தபாற்கந்தோரிலிருந்து சைக்கிளில் போய், கூட்டம் கூடி, திரும்பி வரவேண்டும். ஒன்பதாம் நாள் வந்தது:

'சீமெந்து. காற்றாலைக்கு எங்கள் வணக்கம். செயலாளர்.'

நோரா சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம். பேர்சி.

தொலைபேசியில் சொல்லலாம் என்றார் நோரா. நான் மாட்டேன் என்றேன். அவருடைய பழைய காரில் வெரிபீக்குப் போனோம். ஆட்டு உரோமம் கத்தரிக்கும் கொட்டகைக்குள் காற்றாலை வைக்கோல் மேல் படுத்துக் கிடந்தது; ஒவ்வொரு தகட்டுக்கும் ஓர் இலக்கம், சிவப்பு வாலில் அந்தக் கிராமத்தின் பெயர் வெள்ளையில், ஓர் எழுத்துப் பிழையோடு. பேர்சி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இம்முறை சொல் சேர்க்கவில்லை, வரிசையும் மாற்றவில்லை. தந்தியைக் கையில் கொடுத்தேன்.

அவர் வாசித்தார். வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. பிறகு கேட்டார், "உனக்கு எப்ப தொடக்கம் தெரியும்?"

"ஜூலை."

"ஆகஸ்டில நான் அதின்ர பம்புக்குப் புதுத் தோல் வளையம் வாங்கிப் போட்டனான்."

"தெரியும், பேர்சி. நீங்கள் ஃபோனில சொன்னனீங்கள்."

"சிவப்புப் பிடிக்குமோ எண்டு கேட்டன்."

"ஓம்."

கொட்டகையின் தகரத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. வெரிபீயில் அதற்கு மட்டும் ஒருநாளும் குறைவில்லை. பேர்சி ஒரு தகட்டின் மேல் இருந்த வைக்கோலைத் தட்டிவிட்டார்.

"ஏன் சொல்லேல்லை?"

"உங்கட மனம் நோகும் எண்டு."

"மனம்!" என்றார். அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "பிள்ளை, நான் ஐம்பது வருசமாய்க் காற்றாலையோட சீவிச்சவன். பள்ளத்தில காற்றில்லை எண்டு சொல்லியிருந்தால் எனக்கு அரை நிமிசத்தில விளங்கியிருக்கும். பள்ளத்தில காற்றாலை நடுகிற மடையன் ஆர்? என்னை மனம் மட்டும் உள்ள ஆளாய் நினைச்சிட்டாய். எனக்கு மூளையும் இருக்குது."

பிள்ளைகளே, கொடுக்கிறவரையும் ஒரு மனிதராக நினைக்க வேண்டும் என்பதை எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லவில்லை. வாங்குகிறவரின் மானத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவோம். கொடுக்கிறவரை மட்டும் கண்ணாடிச் சாமான் மாதிரிப் பஞ்சில் வைத்துத் தூக்கிக்கொண்டு திரிவோம்.

நாங்கள் புறப்பட்டபோது பேர்சி ஒரு சாக்கோடு வந்து காரின் பின்னால் போட்டார். கோவா. பத்துப் பன்னிரண்டு இருக்கும். "சீமெந்து எப்ப போகுது?" என்றார். நாளைக்குப் பணம் போகும் என்றார் நோரா. "அப்ப இஞ்ச நிண்டு என்ன செய்யிறியள்?" என்று காரின் கூரையில் தட்டினார்.

அந்தப் பணம் போய்ச் சேர்ந்து, லொறி வந்து, சீமெந்து இறங்கியபோது மழை நாலு நாள் முந்திவிட்டது.

இதை நான் மெதுவாகச் சொல்லப் போவதில்லை. கிணற்றின் சரிந்த பக்கம் முழுவதாக விழுந்தது. ஆள் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. தாய்மார் முதல் மழை இருட்டியதுமே கிணற்றடிக்கு யாரும் போகாமல் முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஆனால் மழை விட்ட பிறகு அவர்கள் கையாலே திரும்பத் தோண்டினார்கள். தோண்டி, இறைத்து, கட்டி முடிக்க மார்ச் ஆயிற்று. அதுவரை ஆறு. காலையில் போனால் மத்தியானம். ஜூலையில் நான் சேர்த்த இரண்டெழுத்தை அவர்கள் ஐந்து மாதம் தலையில் வைத்துச் சுமந்தார்கள்.

எனக்கு அது அறிக்கையில் வரவில்லை. செயலாளரின் கடிதத்தில், வணக்கப் பக்கத்தில், பூக்களுக்கும் மாடுகளுக்கும் இடையில் வந்தது. அதற்குப் பிறகு வணக்கப் பக்கம் ஒன்றையும் நான் விட்டதில்லை. கமிட்டிக்கு முழுவதையும் தட்டச்சு செய்து கொடுத்தேன். ட்ராம் போய்விடும் என்று ஒருவர் முணுமுணுத்தார். "அடுத்த ட்ராம் வரும்," என்றார் நோரா.

கிணறு கட்டி முடித்த செய்தி வந்ததும் செயலாளருக்கு நான் தனியாக எழுதினேன். என் பிழையை எழுதினேன். கோட்டையும், 'அதை'யையும். என் ஊரிலும் அந்தச் சொல் இருக்கிறது, எனக்கு அன்றே விளங்கியது, விளங்கியும் மாற்றி வாசித்தேன் என்று எழுதினேன். அறக்கட்டளைத் தாளில் அல்ல, என் சொந்தத் தாளில்.

அவர் எழுதினார்: 'கடிதத்தை வாசிப்பவர் அவுஸ்திரேலியர் என்று நினைத்து நாங்கள் உரத்துச் சொல்லிவிட்டோம். தாய்மார் இரண்டு நாள் கூடிப் பேசி, இதைவிடப் பட்டவர்த்தனமாக மறுக்க முடியாது என்று வெட்கப்பட்டுக்கொண்டுதான் துத்தாவோனா என்று எழுதச் சொன்னார்கள். வாசிப்பவர் நீங்கள் என்று தெரிந்திருந்தால் இன்னும் மெதுவாகச் சொல்லியிருப்போம். அப்போது நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.' அதன் கீழே, கிணற்றுத் தண்ணீர் குடிக்க நீங்கள் எப்போது வருவீர்கள் என்று கேட்டிருந்தார்.

பேனாவை எடுத்தேன். கை தானாக எழுதியது: 'பார்ப்போம்.' பார்த்தேன். தாளைக் கிழித்தேன். புதுத் தாளில் எழுதினேன்: 'வரமாட்டேன். பயணத்துக்கு வசதி இல்லை. விருப்பம் இருக்கிறது.' முகத்துக்கு நேரே நான் எழுதிய முதல் 'இல்லை' அதுதான். தபாற்பெட்டிக்குள் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தேன். ஏதோ ஒருவரைத் திட்டிவிட்டு வந்த மாதிரி.

அடுத்த வருடம் கமிட்டிக்கு இன்னொரு யோசனை பிறந்தது. தையல் மெஷின்கள். பன்னிரண்டு, ஒரு பள்ளிக்கூடம் சேர்த்துக் கொடுத்தது, நல்ல நிலையில். நோரா என்னைப் பார்த்தார். எழுதிக் கேட்டோம். புட்டோ இடியப்பமோ என்று சுற்றவில்லை. நேராகவே கேட்டோம், வேண்டுமா.

ஐந்து வாரத்தில் நீலத் தாள் வந்தது. நான் நின்றபடியே பிரித்தேன். பழக்கத்தில் கண் முதல் பக்கத்தின் பூக்களைத் தேடியது. பூ இல்லை, மாடு இல்லை, சுகம் விசாரிக்கவில்லை. முதல் வரியின் முதல் சொல், அந்த வட்ட எழுத்தில்:

'வேண்டாம்.'

நோரா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "வழக்குப் போட்டுட்டாங்கள்," என்றார். குரலில் அப்படியொரு சந்தோசம்.

நான் கடைசி வரிக்குப் போனேன். 'தாய்மாருக்காக, செயலாளர்' என்று வழக்கமாக இருக்கும் இடத்தில், முதல் தடவையாக, ஒரு பெண்ணின் பெயர் இருந்தது.